முதுகில் ஜிப்பு

ஏரியைக் கிழித்துக்கொண்டு அது எழும்போது
முதுகில் ஜிப்பு தெரியும்.
தெரிந்தேதான் பயந்தோம்.

பள்ளிபாளையத்தில் மாரியம்மன் நோம்பிக்கு
தறி நிற்கிற இரண்டு ராத்திரி.
டெக்குக்கு வாடகை எழுபது ரூபாய், மூன்று கேசட்,
சைக்கிள் கேரியரில் துண்டு போட்டுக் கட்டி வந்த டிவி.
பாவு உருளைகளுக்கு நடுவே, எண்ணெய் வாடையில்,
அர்த்தனாரி, வளர்மதி, நான்.

பச்சை ரப்பர் உடம்பு.
வெள்ளைக்காரி கத்துவாள்:
"ஐயோ அத்தான், அது நம்மை நோக்கித்தான் வருகிறது!"
அத்தானுக்குச் சிரித்தாள் வளர்மதி.
சிரித்தபடியே என் முழங்கையில்
நகம் பதியப் பிடித்திருந்தாள்.
கேசட் தேய்ந்த இடத்தில் படம் கோடுகோடாய் இழுக்கும்.
தலை ஒரு பக்கம் போகும், உடம்பு இன்னொரு பக்கம் நடக்கும்.
எங்களுக்கு மிகவும் பயமான காட்சி அதுதான்.
யாரும் எடுக்காத காட்சி.

சேறு பூசி வேஷம் கட்டியவர்கள்
வாரம் முழுக்க வீடுவீடாய் வந்து போனார்கள்.
"ஆத்தாளுக்கு வேஷம் கட்டுனா காசு குடுக்கறாங்க.
பேய்க்குக் கட்டுனா?"
கேட்டவன் அர்த்தனாரி.

காடாத் துணியில் பீடி நெருப்பால் இரண்டு கண்.
பிறகு கஞ்சித் தொட்டியில் முக்கி எடுத்து
அப்படியே தலைவழியே போட்டுக்கொண்டான்.
வளர்மதிக்குக் கழிவு நூலில் முடி, முழங்கால் வரை.
எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.
கரி.

முதல் வீட்டில் செருப்பு வந்தது.
அடுத்த வீட்டில் நாய்.
கம்பவுண்டர் எட்டணா கொடுத்து
"முழுப்பரீட்சை எப்படா?" என்றார்.
பேயிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆற்றோரம் கடைசி வீடு பாவாயி அக்காவுடையது.
தட்டினோம்.
தாழ்ப்பாள் உடனே விழுந்தது,
கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்த மாதிரி.

அர்த்தனாரி கையைத் தூக்கினான்.
துணியிலிருந்து சொட்டுச் சொட்டாய்
வாசப்படியில் கஞ்சி விழுந்தது.
அக்கா கத்தவில்லை.
ஈரத்தைப் பார்த்தாள்.
"வந்துட்டயா சாமி" என்றாள்,
பக்கத்து அறையில் இருக்கிறவனிடம் பேசுவது போல.

போன ஆடிப்பெருக்கில் குளிக்கப் போன அவள் மகனை
மூன்று நாள் பரிசலில் தேடினது
அப்போதுதான் எங்கள் மூவருக்கும் ஞாபகம் வந்தது.

அரிக்கேனைத் தாழ்த்தினாள்.
துணி முடிகிற இடத்துக்குக் கீழே
அர்த்தனாரியின் இரண்டு கால்கள்,
கட்டைவிரலில் நேற்றுப் பட்ட காயத்தோடு.
"காலிருக்குதே" என்றாள்.
தனக்கு வந்த தந்தி என்று பிரித்துவிட்டு
பக்கத்து வீட்டு விலாசத்தைப் படித்தவளைப் போல.

உள்ளே போனாள். ஓடியிருக்கலாம்.
ஓடவில்லை.
கச்சாயம் கொண்டுவந்து கொடுத்தாள்.
மூன்று பேருக்கு நாலு.

தறிக்குடோனுக்குத் திரும்புவதற்குள் கஞ்சி காய்ந்து
துணி பலகையாகிவிட்டது.
அடியில் குனிந்து அர்த்தனாரி வெளியே வந்த பிறகும்
அது கொஞ்ச நேரம்
அவனாகவே நின்றது.
நாலாவது கச்சாயத்தை அதன் முன்னால் வைத்தவள் வளர்மதி.
காலையில் இல்லை. எலி என்றேன் நான்.

சங்ககிரி பைபாஸ், லாரி, ஆறு வருஷமாகிறது.
அர்த்தனாரியைத் துணி சுற்றித்தான் கொடுத்தார்கள்.

என் பையன் போனில் பூதம் பார்க்கிறான்.
செதில் செதிலாய் நனைந்து மின்னுகிறது,
கண்ணில் நரம்பு ஓடுகிறது.
எந்தப் பக்கம் திருப்பினாலும் ஜிப்பு இல்லை.
எனக்குக் கொட்டாவி வருகிறது.

ஆனால் கரண்டு போன ராத்திரியில்
யாராவது கதவைத் தட்டினால்
டார்ச்சை முகத்துக்கு அடிக்க மாட்டேன்.
கீழே அடிப்பேன்.

இருக்கிறது,
ஒவ்வொரு தடவையும் இருக்கிறது.
வாங்க என்கிறேன்,
கொஞ்சம் பொறுத்து.