ஒப்பந்தப்படி இரண்டு பேர்

இந்த ஊர் ரயில் நிலையப் பலகையில்
கடல்மட்டத்துக்கு மேலே இத்தனை மீட்டர் என்று
மஞ்சளில் கறுப்பாக எழுதியிருக்கிறது.
அதோடு மர்பி டவுனில் மூன்று மாடி கூட்டிக்கொள்ளுங்கள்:
அங்கே இருக்கிறது என் கடல்.
நூற்றிருபது லிட்டர்.

உப்பு வாளியில் வருகிறது, சலித்த மாவு போல.
தண்ணீரை நானே சுத்தம் செய்கிறேன்,
ஒரு குடத்துக்கு மூன்று குடம் வீணாகும்.
பகலில் ஆஸ்பத்திரியிலும் இதே வேலைதான்,
டயாலிசிஸ் அறையில் பதினொரு நாற்காலி,
அடுத்தவர் ரத்தத்துக்குச் சரியான உப்பு.
அங்கே கை தவறினால்
யாருக்காவது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், கத்துவார்.
வீட்டில் கை தவறினால்
நத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.
அவ்வளவுதான்.

சிவாஜிநகரில் இம்தியாஸ் ஆறு கொடுத்தான்.
கவிழ்த்த பம்பரம் போல் ஓடு.
ஆண் எது, பெண் எது?
"அதுங்களுக்கே தெரிஞ்சா சரி, மேடம்."
குஞ்சு பொரிக்குமா என்றதற்கு
வலையை உதறிக்கொண்டே சிரித்தான்.

ஒன்றரை வருடம் கண்ணாடி துடைத்தன.
ஒன்று குப்புற விழுந்து, புரள முடியாமல் செத்தது.
ஐந்து.

மே மாதம், மழை வருவதற்கு முன்னால்
கரண்ட் போன ஒரு ராத்திரி,
பம்பு நின்ற அமைதி என்னை எழுப்பியது.
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
ஐந்தும் கண்ணாடியின் உச்சியில்.
ஒன்று சற்றே நிமிர்ந்து
புகை விட்டது.
மொட்டைமாடியில் ஒளிந்து பீடி குடிக்கிறவன் மாதிரி
விட்டு விட்டு, வெள்ளையாக.
கொஞ்சம் பொறுத்து எதிர்மூலையில் இன்னொன்று
பச்சையாய்ப் பொடி தூவியது.
தொட்டுக்கொள்ளவில்லை.
நடுவில் ஒரு முழம் தண்ணீர்;
மீதியை அது பார்த்துக்கொண்டது.

பம்பு ஓடியிருந்தால் அத்தனையும் பஞ்சுக்குள் போயிருக்கும்.
இன்வர்ட்டர் வாங்கு வாங்கு என்று
வருடமாய் நச்சரித்தேன்.
நல்லவேளை, செலஸ்டின் சோம்பேறி.

சாம்பார் கரண்டியால் மொண்டு மொண்டு
பக்கெட்டில் ஊற்றினேன்,
பாசி பிடித்த கல் இரண்டு போட்டேன்.
"குளிக்கிற பக்கெட்டா?" என்றார் காலையில்.
ஆமாம்.
ஒன்றும் சொல்லாமல் குழாயடியில் குந்திக் குளித்தார்.

நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பார்கள்.
முத்து யாருக்கு வேண்டும்?
நத்தை வயிற்றில் நத்தை பிறந்தால் போதும்.

முதல் நாள் தூசி.
மறுநாள் சுழலும் தூசி.
மூன்றாம் நாள் நாற்றம்.

ஆறாம் நாற்காலி லிங்கராஜுவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.
நாலு மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பவருக்கு
ஏதாவது சேதி வேண்டுமே.
செவ்வாய் கேட்டார், எத்தனை?
ஆயிரம் இருக்கும் என்றேன்.
வியாழன், எத்தனை?
நூறு.
சனி, தெரியவில்லை.
அடுத்த செவ்வாய் அவர் கேட்கவில்லை,
ஊசி குத்தும்போது ஜன்னலைப் பார்த்தார்.

பதினெட்டாம் நாள், கழுவிக் கவிழ்த்துவிடலாம் என்று
பக்கெட்டைச் சாய்த்தபோது
நீலப் பிளாஸ்டிக் சுவரில் கசகசா.
நகரும் கசகசா.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன்.
கல்லைத் திருப்பி மறுபடி எண்ணினேன்.

ஏழு என்றேன் லிங்கராஜுவிடம்.
"ஏளு" என்று அவர் கன்னடத்தில் சொல்லிப் பார்த்தார்.
ஏழுக்கும், எழுந்திரு என்பதற்கும்
அந்த மொழியில் ஒரே சொல்.
இன்னொரு தரம் சொன்னார்,
எதைச் சொன்னாரோ.

மாதக் கடைசியில் தண்ணீர் பில்லோடு
ஓனர் புட்டலட்சுமம்மா மேலே வந்தார்.
இரண்டு பேருக்கு இவ்வளவா?
ஒப்பந்தத்தில் இரண்டு பேர் என்றுதானே எழுதினோம்?
வேறு யாரும் வந்து தங்கியிருக்கிறார்களா?

இல்லையே என்றேன்.
எனக்குப் பின்னால் செலஸ்டின்
குளியலறைக் கதவை
சத்தமில்லாமல் சாத்தினார்.