டயர்

ஆறு நாளாக மண்டபம் ஆய்வகத்தில்
நான் ஒரு புதுச் செல்லின் சொந்தக்காரி.
கொடுவாமீன் ரத்தத்தில்
நீலமும் ஊதாவும் ஒருசேர ஒளிரும் செல்.
பெயர்கூட வைத்தாயிற்று.

ஜெனோவா இரண்டு சாயங்களையும்
தனித்தனிக் குழாயில் ஊற்றிக் காட்டினாள்.
செல்லைக் காணோம்.
சாயத்தில் சாயம் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் பாம்பன் ஜெட்டியில்
'அல் அமீன்' விலா நெடுக
'சகாய அன்னை'யின் பச்சை.
புதுப் படகு பிறந்ததென்று யாரும் சொல்லவில்லை.
திட்டிக்கொண்டே ரிச்சர்டு
நடுவில் ஒரு பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள்
பஃபர் முதலில், சாயங்கள் பிறகு.
வரிசை மாறினால் பயனில்லை.

திரையில் நீலம் ஒரு பக்கம்,
ஊதா ஒரு பக்கம்,
நடுவில் வெறும் கறுப்பு.

நோட்டில் அந்தப் பெயரை
இன்னும் அடிக்கவில்லை.