பல்வைத்தியப் பெட்டி

மாங்குளம் தாண்டியதும்
வாலாட்டத் தொடங்கியது இழுவைப் பெட்டி.
கதிரை, தண்ணீர்த் தாங்கி, ஜெனரேற்றர்
எல்லாவற்றையும் பின்பக்கம் ஏற்றியவன்
நான்தான்.

கண்ணாடியில் ஒருதரம் இடப்பக்கக் காடு,
ஒருதரம் வலப்பக்கக் காடு.
"பிறேக்கை அமத்துங்கோ!" தாதி யசிந்தா.
அமத்தினால் பெட்டி எங்களை முந்தும்.
காலை மெல்ல எடுத்தேன்,
ஸ்ரேறிங்கை நேரே பிடித்தபடி
சண்டைக்காரனுக்கு வாய்கொடாததுபோல.

ஒலுமடுவில் நிறுத்தி,
மாடு சாய்த்து வந்த இருவர் கைகொடுக்க
ஜெனரேற்றரை முன்னுக்குத் தள்ளினோம்.
தாங்கியைத் திறந்துவிட்டோம்,
வீதியோரப் புல் குடித்தது.
கொக்கியில் கனம் இறங்கிற்று.
பிக்கப்பின் பின்பக்கம் சற்றே பதிந்தது.
பிறகு நாற்பதிலேயே வந்தோம்,
மோட்டார்சைக்கிள்கள் ஹோர்ன் அடித்து முந்த.

ஒட்டுசுட்டான் பள்ளிக்கூட வாசலில்
வாயை இறுக்கிய பிள்ளைகள்.
முன்னால் நின்றவள் கேட்டாள்:
"வழியில காத்துப் போகேல்லையோ, அண்ணை?"