முக்கால் வேகம்

நூலகச் செயலியில் ஒலிநூல் என்று தட்டினால்
சமையல், தியானம், கொலை, காதல்,
அதற்கும் கீழே ஒரு தொப்பிப் படம்:
வெஸ்டர்ன்.
தொப்பிக்காகத்தான் முதலில் எடுத்தேன்.
இருபத்தொரு நாள் இரவல்.

வாசிக்கிறவருக்குத் தொண்டை நிறையச் சரளைக்கல்.
அவர் விரட்டிய ஆங்கிலத்தின் பின்னால்
என்னால் ஓட முடியவில்லை.
வேகத்தை முக்காலாகக் குறைத்தேன்.
அன்றிலிருந்து
டெல்பர்ட் கிரேக் என்கிற சூரன்
குடித்தவனைப் போலப் பேசுகிறான்.
குதிரைகள் யோசித்து யோசித்துக் காலெடுத்து வைக்கின்றன.
துப்பாக்கியை உருவ
இரண்டு பேருக்கும் அவ்வளவு நேரம் கிடைக்கிறது,
எதிரே நிற்கிறவன் மனம் மாறி
வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.
போகவில்லை.
சுடுபட்டவன் தன் கடைசி வாக்கியத்தை
பசானோ பெட்ரோல் நிலையத்தில் தொடங்கி
நெடுஞ்சாலை ஏறி
இரண்டாவது பாலத்தடியில்தான் முடித்தான்.

ப்ரூக்ஸ் வரை முப்பத்தைந்து நிமிடம்.
பனிக்காலத்தில் ஐம்பது.
இரண்டு பக்கமும் அல்பர்ட்டா, புல், மறுபடி புல்.
கதையில் வருகிற அதே வெளிதான்.
கதையில் மணம் மட்டும் இல்லை.
கண்ணாடியை ஏற்றினாலும்
தீவனப்பட்டியின் மணம் ஹீட்டர் வழியாக வந்து
பக்கத்து இருக்கையில் உட்காரும்.

புத்தகத்தில் கற்ற ஆங்கிலத்தை
ஒருநாள் மேற்பார்வையாளர் டுவேனிடம் எடுத்துவிட்டேன்:
'ஐ ரெக்கன் இந்தக் கத்தி மழுங்கிவிட்டது.'
அவர் என் ஹெல்மெட்டைப் பார்த்தார்.
குதிரையை எங்கே கட்டிவிட்டு வந்தாய் என்றார்.
வரிசை முழுக்கச் சிரித்தது.
சிரித்தபடியே வெட்டியது.

நாலு பாகை குளிர். காதில் பஞ்சடைப்பு.
இடக்கையில் இரும்புவலைக் கையுறை.
எனக்குத் தோள்ப்பகுதி.
ஒவ்வொன்றிலும் எலும்போரமாக ஒரே கோடு,
ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்.
நான் மாட்டிறைச்சி தின்பதில்லை என்பதையும்
வெளியே சொல்லாதீர்கள்.

நேற்று வந்தது கடைசி அத்தியாயம்.
ஆயிரம் மைல் ஓட்டி வந்திருந்தார்கள்.
ஆறு இரண்டு பேரைக் கொண்டுபோயிற்று.
இடிமழையில் மந்தை கலைந்தோடிய இரவில்
டெல்பர்ட் ஒரு கன்றைச் சேணத்தில் குறுக்கே போட்டு
விடியும்வரை பாடிக்கொண்டு போனான்.
வாசிப்பவரும் பாடினார்.
முக்கால் வேகத்தில் அது ஒப்பாரியாக இருந்தது.
நான் கார்க் கண்ணாடியைத் துடைத்தேன்,
வெளியே ஈரமில்லை.

பிறகு ரயிலடி. தூசி. எண்ணிக்கை.
'இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு தலை.'
காசு கைமாறியது.
பெட்டிக் கதவுகள் இழுத்து மூடப்பட்டன.
டெல்பர்ட் தொப்பியைச் சரிசெய்து
மேற்கே பார்த்தான்.
கிடார் ஒன்று வந்தது. முடிந்தது.

தலை.
என்னிடம் வரும்போது அது இருப்பதில்லை.
அது வேறு மேசை, வேறு ஷிப்ட்.

காரை நிறுத்திவிட்டு
பத்து நிமிடம் பின்னோக்கித் தள்ளினேன்.
திரும்ப எண்ணினார்கள். அதே கணக்கு.
திரையில் ஒரு குறிப்பு வந்தது:
இரவல் நாளை முடிகிறது,
ஏழு பேர் காத்திருக்கிறார்கள்.

தேநீர் இடைவேளையில் ஹோதன் கேட்டாள்.
அவளுக்கு நான்தான் தினமும் கதை சொல்கிறவள்,
என் ஆங்கிலத்தில்,
அவளுடைய சோமாலிக் கைகளையும் கடன் வாங்கி.
'வதி, மாடுகள் என்னவாயின?'
'ரயில் ஏறிவிட்டன.'
'எங்கே போகிறதாம்?'
'அதைச் சொல்லவில்லை.'
அவள் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி
அது உடைந்து விழும்வரை
எடுக்க மறந்திருந்தாள்.

மணி அடித்தது.
கையுறையை மாட்டினோம்.
அடுத்த புத்தகம் இறங்கிக்கொண்டிருக்கிறது,
அட்டையில் மறுபடியும் தொப்பி.
இந்த முறை
முழு வேகத்தில் கேட்டுப் பார்க்கலாமென்றிருக்கிறேன்.