வாலுள்ள சொல்

பட்டிப்பொல தாண்டி மூன்றாவது வளைவில்
வேனை நிறுத்தினேன்.
நடு ரோட்டில் ஒரு கருமந்தி,
வெள்ளைத் தாடியும் முறைப்புமாக
பெரிய கிளாக்கர் மாதிரி உட்கார்ந்திருந்தது.
ஹோர்ன் அடித்தேன். அசையவில்லை.

பின் சீட்டிலிருந்து டெக்லன் சொன்னான்:
‘லேங்கர்.’
குரங்கையா, என்னையா என்று
கண்ணாடியில் பார்த்தேன்.
சிரித்துக்கொண்டிருந்தான். அதனால் தெரியவில்லை.

அயர்லாந்தில், கோர்க் என்கிற அவர்கள் ஊரில்
மடையனுக்கு அதுதான் பெயராம்.
சும்மா மடையன் இல்லை,
தான் மடையன் என்று தெரியாமல்
ஊருக்கே புத்தி சொல்கிறவன்.
கூட்டாளியையும் அப்படிக் கூப்பிடலாம்,
தோளில் கை போட்டபடி என்றால்.
இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்றாள் ஃபினோலா.
சொல்லவில்லை. காது மட்டும் சிவந்தது.
எனக்கு விளங்கிவிட்டது.
எந்தப் பாஷையில்தான் அதற்கு நாலு பெயர் இல்லை?

பிறகு தொடங்கியது சண்டை.
இந்தியாவுக்குப் போன எங்கள் பட்டாளத்தார்
லங்கூர் குரங்கைப் பார்த்துவிட்டு
மூட்டையில் கட்டி வந்த சொல் என்றான் அவன்.
பட்டாளத்துக்கெல்லாம் முந்தியது என்றாள் அவள்.
கடலில் நீட்டு மீன் ஒன்று உண்டாம்,
அதன் பெயரிலிருந்து பிரிந்ததாம்.
அவனுக்கு மாமன் சாட்சி. அவளுக்கு வாத்தியார்.
மீனா குரங்கா, மீனா குரங்கா என்று
மந்தி எழுந்து மரத்துக்குப் போன பிறகும்
முடியவில்லை.

என் பங்குக்கு நானும் போட்டேன்:
லாங்கூலம் என்றால் வால்,
கோயிலில் ராமாயணம் வாசித்த ஐயர் சொன்னது.
எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
ஆறு வயது. பெயர் துவாரகா.
லயத்தில் எல்லோரும் கூப்பிடுவது வாலு.
டெக்லன் சீட்டில் ஓங்கி அடித்தான்,
வழக்கில் வென்றவன் போல.

உங்களுக்கும் இப்படி ஒரு சொல் உண்டா,
எங்கிருந்து வந்ததென்று அடிபட?
ஃபினோலா கேட்டாள்.

பிரட்டு என்றேன்.
விடிய முந்தி பேர் கொடுக்க ஆட்கள் நிற்கிற இடம்.
பரேட் தேய்ந்து பிரட்டு ஆனது என்பார் ஸ்கூல் மாஸ்டர்.
ஆளைப் புரட்டி எடுப்பதால் பிரட்டு என்பாள் என் சம்சாரம்,
பதினெட்டு வருஷம் மழையில் அங்கே நின்றவள்.
இரண்டையும் கொப்பியில் குறித்துக்கொண்டார்கள்.

வேறொரு சொல்லும் நாக்கு வரைக்கும் வந்தது.
புறக்கோட்டையில், ஒரு புடைவைக்கடையில்,
கல்லாவில் இருந்தவர் என்னைப் பாராமல்
பக்கத்து ஆளிடம் சொன்னது. நல்ல தமிழில்.
தோட்டம். காடு. கடைசியில் ஓர் ஆன்.
மூன்றுக்கும் அகராதி வேண்டாம்.
மீனா குரங்கா என்று கேட்க ஒன்றுமில்லை.
தோளில் கை போட்டபடி
அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
அன்று வாங்கிய சேலைக்கு
மிச்சக் காசு எண்ணாமல் வந்தேன்.

கொப்பியை மூடாமல் காத்திருந்தாள்.
அவ்வளவுதான் என்று கியரை மாற்றினேன்.

ஓகியா ஸ்டேஷனில் இருவரையும் இறக்கிவிட்டு
வெறும் வேனோடு இறங்கி வருகையில்
வெலிமடை பஸ் ஒன்று
வளைவில் என்னைப் பற்றைக்குள் தள்ளி முந்தியது.
தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்:
லேங்கர்!

வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

ஏதோ ஊரின் பெயர் என்று நினைத்தானோ என்னவோ,
கொண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி
எனக்காக பஸ்ஸை நிறுத்தினான்.