முப்பத்தேழு பேர்

எனக்குக் கால்பந்து பிடிக்காது.
அச்சகத்தில் பிழை பார்ப்பவளுக்கு
அது பிடித்தாக வேண்டும் என்று சட்டமும் இல்லை.
எலாதியோ புர்கேஞோ
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை
இறைச்சி சுற்றும் தாளில் பொதிந்து வந்து
மேசைமேல் வைத்தபோது
மேசை ஒரு பக்கம் சாய்ந்தது.

உருகுவாய் ஆற்றங்கரை
இறைச்சி ஆலைத் தொழிலாளர் கழகத்தின் வரலாறு.
இரண்டாம் பிரிவிலிருந்து விழுந்து
பிறகு எழுந்திராத கழகம்.
கோப்பை என்ற சொல்
புத்தகம் முழுக்க மூன்றே இடத்தில்.
அதில் ஒன்று காபிக் கோப்பை.

மழையில் கைவிட்ட ஆட்டங்களை
எடுத்துவிடலாமே என்றேன்.
"வந்தவர்கள் நனைந்தார்களே, செஞோரா."
அதற்குமேல் அவர் பேசவில்லை.
நானும் பேனாவைத் திறக்கவில்லை.

முப்பத்தோரு வருடம் வாசலில் நின்று
உறுப்பினர் அட்டைகளின் எண்ணைப்
பள்ளிக்கூட நோட்டில் குறித்தவர்.
ஆகவே ஒவ்வோர் ஆட்டத்தின் கீழும்
கோல் அடித்தவன் பெயர் இருக்கிறதோ இல்லையோ
பார்த்தவன் பெயர் இருக்கும்.

நூற்றைம்பது பிரதி போட்டோம்.
வாங்க வந்தவர்கள் குறைவு,
தேட வந்தவர்கள் அதிகம்.
நின்றபடியே எச்சில் தொட்டுப் புரட்டி
பெயர்மேல் விரல் வைத்து
"இருக்கேன்" என்று சொல்லிவிட்டு
மூடி வைத்துப் போனார்கள்.
ஒரு விதவை
கணவன் பெயரை மாலை முழுக்க எண்ணினாள்.
"வீட்டில் இத்தனை நாள் இருந்ததில்லை" என்றாள்.

ஜூன் குளிரில் வாஷிங்டன் தெச்சேரா வந்தார்.
பக்கம் இருநூற்று எண்பத்தெட்டு.
1973, ஆகஸ்ட் 12, ஞாயிறு.
தோல்வி, பூஜ்யத்துக்கு நான்கு.
பார்வையாளர் முப்பத்தேழு.
பத்தொன்பதாவது பெயர் அவருடையது.
"அன்றைக்கு நான் வரவில்லை" என்றார்.

எலாதியோவுக்கு ஆளனுப்பினேன்.
தொப்பியைக் கழற்றாமலே நோட்டைப் பிரித்தார்.
"அட்டை இருநூற்று நான்கு.
சாம்பல் கோட்டு, காலர் காதுவரை."
"அட்டை என்னுடையது. கோட்டும் என்னுடையது.
உள்ளே இருந்தது என் தம்பி."

வேலைநிறுத்தம் உடைந்து ஒரு மாதம்.
கையில் பட்டியலோடு
பட்டாளம் வீடு வீடாக ஏறிய மாதம்.
பட்டியல் என்று சொல்கையில்
அவர் கண் புத்தகத்துக்குப் போய்வந்தது.
மைதானத்துக்குப் பின்னால், நாணல் மறைவில்
ஒரு படகு மூன்று மணியிலிருந்து நின்றது.
அக்கரை அர்ஜென்டினா.

எலாதியோ உதடு அசையக் கணக்குப் போட்டார்.
"அப்படியானால்
முப்பத்தேழு முப்பத்தேழுதான்."
எனக்குச் சுருக்கென்று கோபம்.
நோட்டைப் பிடித்த அவர் விரல்கள் நடுங்கியதைக்
கொஞ்சம் பிந்தித்தான் பார்த்தேன்.

"இடைவேளையிலேயே கிளம்பியிருப்பான், இல்லையா?
அப்போதே மூன்று வாங்கிவிட்டோம்."
"கிளம்பவில்லை. கடைசி விசில்வரை இருந்தான்.
படகுக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினானாம்.
நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தி
எத்தனைக்கு எத்தனை என்று
அவனே கேட்டானாம்."

இரண்டாம் பதிப்புக்குக் காசில்லை.
மிச்சமிருந்த தொண்ணூற்றொரு பிரதியிலும்
மூவருமாக உட்கார்ந்து
வாஷிங்டனை அடித்து ஒலெகாரியோ என்று எழுதினோம்.
குடும்பப் பெயரைத் தொடவேண்டியிருக்கவில்லை.
விற்றுப்போன பிரதிகளைத் தேடி
எலாதியோ சைக்கிளில் போனார்,
சட்டைப்பையில் மைக்கூட்டோடு.
இரண்டு வீட்டில் நாய் துரத்தியது.

ஒலெகாரியோ போன வருடம் அக்கரையிலேயே இறந்தானாம்.
பட்டாளம் போன பிறகும் திரும்பவில்லை,
அங்கே மனைவி, மகள், ஒரு டயர் கடை.
ஞாயிறு மாலைதோறும் தொலைபேசி அடிக்கும்.
எடுத்ததும் ஆட்டம் என்னாச்சு என்பான்.
"நான் எப்படி இருக்கேன்னு
ஒரு தடவை கேட்டதில்லை அந்தப் பயல்"
என்று சொல்லிக்கொண்டே
வாஷிங்டன் குனிந்து
பக்கம் ஒட்டிக்கொள்ளாதபடி
தம்பியின் பெயரை ஊதி ஊதி உலர்த்தினார்.