கொண்டுவந்தவள்

நாகமலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்ட நாளில்தான்
அந்தக் கட்டு கையில் கிடைத்தது.
மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய கிட்டங்கி.
மின்விசிறி இருக்கிறது; தாள் பறக்கும் என்று
ஜெபமணி சார் போடவிட மாட்டார்.
வேர்வை சொட்டாமல் குனியக் கற்றிருக்கிறேன்.
மூன்று வருஷ ஆய்வில்
முழுசாகக் கற்றது அது ஒன்றுதான்.

பிரசவப் பதிவேடு, 1897.
பெயர், சாதி, ஊர், எத்தனையாவது பேறு,
எத்தனை நாள் வலி, தாய், சேய், குறிப்பு.
பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் இன்னாருடைய மனைவி.
சாதிக் கட்டம் மட்டும்
ஒன்றுகூடக் காலி இல்லை.

வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஐப்பசி மழை. செல்லூர். நெசவுக்காரர் மனைவி.
மூன்றாவது பேறு, மூன்றாம் நாள் வலி,
பிள்ளை குறுக்கே கிடக்கிறது.
குறிப்பு: 'அம்பட்டச்சி வண்டி பிடித்துக் கொண்டுவந்தாள்.
விடியும்வரை கூடவே இருந்தாள்.
இரண்டும் பிழைத்தன.'
மொட்டைப் பென்சில். யாரோ ஒரு நர்ஸ், அவசரத்தில்.

அதே வருஷத்து ஆண்டறிக்கை
கடலுக்கு அப்பால் அச்சானது.
கெட்டி அட்டை, கடைசியில் நன்கொடை தந்தவர்கள் பட்டியல்.
பதினான்காம் பக்கத்தில் மிஸ் கார்ட்ரைட் எழுதுகிறார்:
'செல்லூரில் ஓர் அபலை
அம்பட்டச்சியின் அழுக்கு நகங்களிலிருந்து
கிருபையால் மீட்கப்பட்டாள்.'

ஒரே ராத்திரி. ஒரே வண்டி.
கொண்டுவந்தவளிடமிருந்தே மீட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்து டீ சொன்னேன்.
ஆறவிட்டு, குடிக்காமல், காசு கொடுத்துவிட்டு
திரும்பப் போய் உட்கார்ந்தேன்.

நெறியாளருக்குச் சந்தோஷம்.
'இதுதான் உன் நாலாம் இயல்' என்றார்.
நான் எழுதிய 'அநியாயம்' என்ற சொல்லை அடித்து
மேலே 'முரண்' என்று எழுதினார்.

தை மாதம் இன்னொரு தாள்,
நகரசபைச் செலவுச் சீட்டு:
கஷ்டப் பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொணர்ந்த வகையில்
எட்டணா.
இடதுகைப் பெருவிரல் ரேகை.
பக்கத்தில் குமாஸ்தா இங்கிலீஷில் கிறுக்கிய பெயர்.
ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன்.
உங்கம்மா.

நிமிர்ந்து பார்த்தேன்.
ஜெபமணி சார் தினத்தாளில் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தார்.

'அங்கம்மாவாக இருக்கும்' என்று சிரித்தார் நெறியாளர்.
'அகரத்துக்கு அந்த எழுத்தைப் போடுவது அன்றைய வழக்கம்.
அடிக்குறிப்பில் சொல்லிவிடு.'
சொல்லிவிட்டேன். அடிக்குறிப்பு எழுபத்தொன்று.

முன்னுரைக்காக அவரே கேட்டார்,
இந்தத் தலைப்புக்கு எப்படி வந்தாய்?
'இத்துறையில் ஓர் ஆய்வு இடைவெளி இருக்கிறது' என்றேன்.
உதவித்தொகைக்காக எடுத்த நகல் பையில் நாலாக மடிந்து கிடந்தது:
தாசில்தார் கையெழுத்து, பச்சை மை,
சாதி: மருத்துவர்.
ஆறாம் வகுப்பில் அதை உரக்கப் படித்த டீச்சர்
'அடேயப்பா, டாக்டர் வீட்டுப் பிள்ளையா!' என்றதும்
வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.
அப்பா கீழவாசலில் கடை திறந்திருப்பார் அந்நேரம்,
யாருக்காவது முகத்தில் நுரை போட்டுக்கொண்டு.

பட்டம் வந்தால் இரண்டு தடவை டாக்டர்.
ஒரு பிரசவம்கூடப் பார்த்ததில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:
'எல்லாம் சரி,
அந்த நகங்கள் சுத்தமாகத்தான் இருந்தன
என்பதற்கு என்ன ஆதாரம்?'

நியாயமான கேள்வி.
என்னிடம் இல்லை என்றேன்.

அன்று ராத்திரி
ரேகையின் படத்தைத் திரையில் விரித்து
விரித்துப் பார்த்தேன்.
சுழி. நடுவில் குறுக்கே ஒரு பழைய வெட்டு.
எட்டணாவுக்காக அழுத்தமாகவே வைத்திருக்கிறாள்.

கைநாட்டில்
நகம் விழுவதில்லை.